மிச்சக் காசுக்குக் கறிவேப்பிலை

தம்பி,

நீயும் சுகம், நாங்களும் சுகம் என்பதை நேற்றே போனில் கதைத்துவிட்டோம், ஆகவே நேரே அலுவலுக்கு வருகிறேன். இதை மெதுவாக வாசி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு உனக்குக் கெதியாக வாசிக்க வராது என்பது எனக்குத் தெரியும். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் நீளமாகக் கதைக்கத் தொடங்கினால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே கொம்பியூட்டரில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும். கடிதத்துக்கு அப்படி ஓம் போட ஏலாது.

நேற்று நீ போன் எடுத்தபோது அடுப்பில் பருப்பு கிடந்தது. "அம்மா, பிரதீப்பின்ர கொம்பனிக்கு வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன்" என்றாய். நான் ஏசப்போகிறேன் என்று நினைத்தாயோ என்னவோ, என்னை வாய் திறக்க விடாமல் காரணங்களை அடுக்கத் தொடங்கினாய். கலியாணம் கிட்ட வந்துவிட்டது, ஆரணியோடு இருக்க லோசானில் வீடும் எடுத்தாயிற்று, இந்த நேரம் பார்த்துப் பங்காளியாகச் சேர்க்கிறேன் என்று வந்தவனை அனுப்பிவிட்டாயே என்று அம்மா கேட்பாவே என்ற பயம் உன் குரலில் இருந்தது. துப்புரவு வேலைக்கும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்கும் ஆள் வைத்திருக்கிற பிரதீப், அவர்களுடைய சம்பளத்தில் ஒரு பங்கைப் புள்ளிகளாகப் போனில் போடப்போகிறான், அந்தப் புள்ளி அவனுடைய கடைகளில் மட்டும்தான் செல்லும், அதற்கான செயலியைச் செய்து கொடுக்க நீ வேண்டும். இதெல்லாம் நீ முன்பே சொன்னதுதான். நேற்றுப் புதிதாகச் சொன்னது அமெரிக்கக் கதை. அங்கே ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குக் கொம்பனியே தன் பெயரில் காசு அடித்துச் சம்பளமாகக் கொடுத்ததாம், அது கொம்பனிக் கடையில் மட்டும்தான் செல்லுமாம், அவர்கள் இருந்த வீடும் கொம்பனி வீடாம். "உதை வாசிச்ச பிறகு எனக்கு மனம் வரேல்லை அம்மா. உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டாய்.

விளங்குதோ என்று என்னிடம் கேட்டாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். "விளங்குது தம்பி, நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்து நன்றாக அழுதேன். அப்பா பதறிப்போய் வந்து, "என்னப்பா, ஊரில ஆருக்கும் ஏதுமோ?" என்று கேட்டார். "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. உங்கட மகன் தப்பிட்டான்" என்றேன். அவரும் எதிர்க் கதிரையில் இருந்துவிட்டார். மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில் இரண்டு பேருக்கும் பசியும் வந்துவிட்டது. கருகின பருப்பையே போட்டுச் சாப்பிட்டோம். அது கருகினது என்றே தெரியவில்லை.

முதலே தடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லியிருந்தால் நீ எனக்காக விட்டிருப்பாய். பிறகு லோசானில் கையிறுக்கம் வருகிற ஒவ்வொரு மாதமும் அம்மாவால்தான் வந்த வினை என்று உன் மனதில் ஒரு மூலையில் ஓடும். அப்பாவும், "அவன் வளந்த பிள்ளை, நீர் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்" என்று சொல்லிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட வேலை என்று உனக்குத் தெரியும். உன்னைக் கண்டால் கொட்டிவிடுவேனோ என்ற பயத்தில்தான் போன கிழமை நீ வந்து நிற்கும்போது நான் அலுமாரியெல்லாம் துடைத்துக்கொண்டு திரிந்தேன். ஆரணிகூட, "மாமிக்கு என்னில ஏதும் கோவமோ?" என்று உன்னிடம் கேட்டாளாம். ஐயோ பாவம், அவளுக்கு இதை வாசித்துக் காட்டு.

உண்மையில் நீ நிலக்கரி வரைக்கும் போயிருக்கத் தேவையில்லை, ராசா. நீ தின்று வளர்ந்த சோறே அப்படிப்பட்ட காசில் வாங்கினதுதான். வின்டர்தூரில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நாங்கள் இருந்த மூன்று மாடிக் கட்டடம் உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது கீழே முடி வெட்டுகிற கடை இருக்கிறது. அப்போது கீழே தமிழ்க் கடை, பின்னால் சாமான் வைக்கிற இடம், நிலவறையில் குசினி, மேலே எங்களைப்போல வேலை செய்கிற குடும்பங்களின் வீடுகள். முழுவதையும் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் பிரதீப்பின் தகப்பன். நாங்கள் கடை அண்ணை என்போம். அப்பா விடிய எழும்பிப்போய்ப் பிளேனில் வருகிற முருங்கைக்காய்ப் பெட்டிகளையும் மீன் பெட்டிகளையும் ஏற்றி வந்து, பிரித்து, நிறுத்து, பையில் போடுவார். நான் நிலவறையில் இடியப்பம் பிழிவேன், ரோல்ஸ் சுற்றுவேன். வீடும் அவருடையது, வேலையும் அவருடையது, கடையும் அவருடையது. எங்களுக்கு அது பெரிய வசதியாகத்தான் தெரிந்தது. டொச் பாஷை தெரியாது, குளிருக்குள் வெளியே போகத் தேவையில்லை, படி இறங்கினால் வேலை, இன்னும் நாலு அடி வைத்தால் அரிசி.

மாதக் கடைசியில் சம்பள உறைக்குள் பாதி பிராங்க் தாளாக இருக்கும், பாதி மஞ்சள் மட்டையில் வெட்டின துண்டுகளாக இருக்கும். கடை முத்திரை குத்தி, பெறுமதி எழுதி, அண்ணை கையெழுத்து வைத்திருப்பார். நாங்கள் அதற்குத் துண்டு என்றுதான் பெயர் வைத்திருந்தோம். "வெளிக்கடையில கொண்டுபோய்க் காசைக் கொட்டாதேங்கோ பிள்ளையள், எல்லாம் எங்களிட்ட இருக்குத்தானே" என்பார். இருந்ததுதான். அரிசி, தூள், சீலை, ரெலிபோன் கார்ட், சாமிப்படம், எல்லாம் இருந்தது. தாள் காசு வீட்டு வாடகைக்கும் ஊருக்கு அனுப்பவும் சரி. மிச்சச் சீவியம் துண்டில். துண்டு கொடுத்து வாங்கினால் மிச்சம் தரமாட்டார். சில்லறைத் துண்டு அவர் அடிக்கவில்லை. மிச்சத்துக்குக் கறிவேப்பிலையைக் கட்டித் தருவார். எங்கள் வீட்டில் பால் வைக்க இடமில்லாமல் பிரிட்ஜ் நிறையக் கறிவேப்பிலை கிடந்தது. முட்டைப் பொரியலுக்கும் போட்டேன், சூப்புக்கும் போட்டேன். உன் அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற சான்ட்விச்சுக்குள்ளும் ஒருநாள் வைத்துவிட்டு அவளிடம் நல்ல பேச்சு வாங்கினேன்.

நீ கிண்டர்கார்டன் போகத் தொடங்கினபோது ரீச்சர் உள்ளே போட ஃபிங்கன் வேண்டும் என்று சொல்லிவிட்டா. வீட்டுக்குள் போடுகிற மெத்தென்ற சப்பாத்து. சுவிஸ்காரப் பிள்ளைகள் அதைப் போடாமல் வகுப்புக்குள் கால் வைக்கமாட்டார்கள். தாள் காசு அந்த மாதம் ஊரில் உன் மாமாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போய்விட்டது. நான் கொஞ்சத் துண்டை எடுத்துக்கொண்டு கீழே போய், "அண்ணை, இதுக்குக் காசு தருவியளோ, பெடியனுக்கு ஃபிங்கன் வாங்க வேணும்" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "செருப்புத்தானே தங்கச்சி, இஞ்ச இருக்கே" என்று, குளியலறைக்குப் போடுகிற ரப்பர் செருப்பில் சின்னதாகப் பார்த்து ஒரு சோடி எடுத்துத் தந்தார். துண்டும் வாங்கவில்லை, சும்மா தந்தார். நான் நன்றி அண்ணை என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். நீ அதைப் போட்டுக்கொண்டு போனாய், வழுக்கிக்கொண்டு திரிந்தாய். பிறகு ரீச்சர் யாரோ விட்டுவிட்டுப் போன பழைய சோடியைத் தந்தா, அதில் ஒன்று பெரிது. நீ இன்றைக்கும் ஆரணிக்கு அந்த ரப்பர் செருப்பைப் பகிடியாகச் சொல்கிறாய். எனக்கு அந்தப் பகிடிக்கு ஏன் சிரிப்பு வருவதில்லை என்று இப்போது தெரிந்திருக்கும்.

அடுத்த வருஷம் அக்கா பெரியபிள்ளையானாள். சாமத்தியவீடு செய்யாமல் விட முடியுமோ? எங்கள் ஆட்கள் எப்படிச் செய்வார்கள் என்று உனக்குத் தெரியும்தானே. ஹோலும் படம் எடுக்கிறவரும் சோடனையும் எல்லாம் சொல்லில் நடக்கும், பிறகு வருகிற என்வலப்பை உடைத்துக் காசு கொடுப்போம். நாங்களும் அதை நம்பித்தான் தேவாலயத்துக்காரரின் ஹோலை எடுத்தோம். சனம் நிறைய வந்தது, அக்காவும் வடிவாகத்தான் இருந்தாள். அடுத்த நாள் காலை கட்டிலில் விரிப்பைப் போட்டு அப்பாவும் நானும் என்வலப்புகளை உடைத்தோம். முதலாவது மேல்வீட்டு ராணியக்காவுடையது. உள்ளே மஞ்சள் துண்டு. "ராணியக்காவுக்கு என்ன கஷ்டமோ" என்று பக்கத்தில் வைத்தேன். அடுத்ததும் துண்டு. அதற்கடுத்ததும் துண்டு. ஒவ்வொரு குடும்பமும், துண்டு வைக்கிறது நாங்கள் ஒரு வீடுதானே, அவர்களும் அந்தக் கடையில்தானே சாமான் வாங்குகிறார்கள், குறை நினைக்கமாட்டார்கள் என்று நினைத்துத் துண்டை வைத்து ஒட்டியிருக்கிறது. அவர்களை ஏசவும் வாய் வரவில்லை. அதற்கு முந்தின தையில் ராணியக்காவின் மகளுக்கு நாங்கள் வைத்ததும் துண்டுதான். அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், சிரிப்புத் தொடங்கிவிட்டது. நிற்பாட்ட ஏலாமல் சிரித்தோம். விரிப்பு முழுக்க மஞ்சள். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரரின் தாள்கள் ஒரு கைக்குள் அடங்கின. அவை படம் எடுத்தவருக்கே காணாது.

திங்கட்கிழமை ஹோலைப் பார்த்துக்கொள்கிற அப்வார்ட் வாடகைக்கு வந்தார். அப்பா மேசையில் இருந்த துண்டுகளை அவசரமாக அள்ளினார். அவர் ஒன்றை எடுத்துப் பார்த்து இதென்ன என்று கேட்டார். அக்காதான் டொச்சில் சொன்னாள், இது அப்பாவின் சம்பளம் என்று. அந்த மனிதர் எங்கள் கதவு, கட்டில், குவிந்து கிடந்த கறிவேப்பிலை எல்லாவற்றையும் பார்த்தார். மாதக் கடைசியில் வருகிறேன் என்று போய்விட்டார். அவர் போனபிறகு அக்கா என்னிடம், "அம்மா, நான் சொன்னது பிழையோ?" என்று கேட்டாள். பிழையில்லை என்றேன். இப்போதே கீழே போய்க் கேட்கிறேன் என்று வெளிக்கிட்டேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "பெர்மிட் அலுவல் முடியேல்லை. வேலை இருக்கெண்டு அவர் எழுதிக் குடுக்கிற கடுதாசியிலதான் நாங்கள் இஞ்ச நிக்கிறம். அந்தாள் மாட்டன் எண்டால் பிள்ளையளையும் கொண்டு எங்க போறது?" என்றார். அதுவும் நியாயம். அந்தக் கிழமை முழுக்க இடியப்ப உரலை நான் அமத்தின அமத்தில் அதன் பிடி கழன்றுவிட்டது.

சனிக்கிழமை நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தடுத்துவிடுவார்கள். துண்டுகளைப் பழைய பால்மாப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, ராணியக்காவிடம் மட்டும், "வாறியளோ, சாமான் வாங்கப் போறன்" என்றேன். அவ என் பையைப் பார்த்தா, பிறகு உள்ளே போய்த் தன்னுடைய பையையும் எடுத்துக்கொண்டு வந்தா. படியில் இறங்க இறங்க மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஷாஃப்ஹவுசனிலிருந்தும் சென்ட் காலனிலிருந்தும் காரில் சனம் வந்து தாள் காசு கொடுத்து வாங்குகிற நாள் அது. நான் முதலில் அரிசி மூட்டை எல்லாவற்றையும் கேட்டேன். பிறகு பருப்பு, தேங்காய்ப்பால், கருவாடு, வெள்ளிக்கிழமை வந்த மரக்கறி முழுவதும். கல்லாவில் நின்ற கடை அண்ணைக்கு, நல்ல வியாபாரம் என்று, முதலில் நல்ல புளுகம். மூட்டை தூக்க அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா தலை நிமிராமல் மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்து வாசலில் அடுக்கினார். கொஞ்ச நேரத்தில் தட்டுகளில் கறிவேப்பிலையைத் தவிர ஒன்றும் இல்லை. அண்ணையின் கல்லாவில் மஞ்சள் மட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. குரலைத் தணித்து, "தங்கச்சி, வெளியில இருந்து வந்த சனத்துக்கும் கொஞ்சம் வையுங்கோ" என்றார். "ஏன் அண்ணை, எங்கட காசு காசில்லையோ?" என்று கேட்டேன்.

அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது, அதுதான் உண்மை. கோபத்தில் வாங்கிக் குவித்தேன், இவ்வளவையும் எந்த வீட்டில் வைப்பது? வாசலில் மூட்டைகளுக்கு நடுவே முழித்துக்கொண்டு நிற்க, ஷாஃப்ஹவுசனிலிருந்து வந்த ஒரு அண்ணை, "உந்த அரிசியில ஒரு மூட்டை தருவியளோ பிள்ளை, கடை விலையே தாறன்" என்று தாளை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அவருக்குப் பின்னால் அடுத்தவர். ராணியக்கா கருவாட்டை எடுத்து முன்னால் வைத்தா. ரோட்டுக்கரையில் சந்தை மாதிரி ஆகிவிட்டது. பொலிஸ் வந்தால் என்ன சொல்வது என்று எனக்குப் பயம். ஆனால் கடை அண்ணைக்கு என்னைவிடப் பயம். பொலிஸ் வந்தால் மஞ்சள் துண்டுக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும். கதவடிக்கு வந்து, "உள்ள வாங்கோ தங்கச்சி, கதைப்பம்" என்றார். "கதைக்க ஒண்டுமில்லை அண்ணை. மாசக் கடைசியில முழுக்கக் காசாத் தாங்கோ. பெர்மிட் கடுதாசியும் இவருக்கு எழுதித் தாங்கோ" என்றேன். அதை எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார். அப்பா வீட்டுக்கு வந்து, கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்த பிறகுதான் சிரித்தார்.

மாதக் கடைசியில் உறைக்குள் தாள் மட்டும்தான் இருந்தது. ரோட்டில் விற்ற காசையும் சேர்த்து அப்வார்ட்டுக்கு வாடகை கொடுத்தோம், அக்கா வாசல்வரை போய் நன்றி சொன்னாள். மிஞ்சினதை எடுத்துக்கொண்டு உன்னையும் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனேன். சப்பாத்துக் கடையில் ஃபிங்கன் ஒரு சுவர் நிறைய இருந்தது. எதை எடுப்பது என்று தெரியாமல் நான் விசர் பிடித்தவள் மாதிரி நின்றேன். சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்லி எவ்வளவு காலமாகிவிட்டது. நீ நரிமுகம் போட்ட நீலச் சோடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். கல்லாவில் நின்ற பிள்ளை மிச்சக் காசை என் உள்ளங்கையில் எண்ணி வைத்தாள், சில்லறையாக. அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். நீ அன்றிரவு அந்த ஃபிங்கனோடுதான் படுத்தாய்.

கடை அண்ணையைப் பற்றிக் கூடாமல் நினைக்கவும் வேண்டாம். பெர்மிட் கடுதாசியை அவர் சொன்னபடி எழுதித் தந்தார். அப்பா முதியோர் இல்லக் குசினியில் வேலை எடுத்துப் போனபோது நல்ல மனதோடுதான் அனுப்பினார். அவர் செத்தபோது அந்தியேட்டிக்கு நான் போய்ச் சமைத்தேன். நல்ல மனிதர்தான், அதுதான் கரைச்சலே. கெட்டவன் என்றால் முதல் மாதமே நாங்கள் கண்டுபிடித்திருப்போம். பிரதீப்பும் நல்ல பிள்ளைதான். தகப்பன் எல்லாருக்கும் படியளந்தார் என்று கேட்டு வளர்ந்தவன். அவன் வீட்டில் யாரும் கறிவேப்பிலைக் கதையைச் சொல்லியிருக்கமாட்டார்கள். அவனோடு பகைக்காதே, கலியாணத்துக்கும் கூப்பிடு. ஆனால் அவன் ஏன் என்று கேட்டால் அமெரிக்காவுக்குப் போகாமல் எங்கள் வீட்டுக் கதையையே சொல்லு. அம்மா சொல்லச் சொன்னா என்று சொல்லு.

ஞாபகத்துக்கு ஒரு துண்டாவது வைத்திருக்கிறீர்களோ என்று கேளாதே. வைத்திருக்க எனக்கென்ன பைத்தியமோ? கடைசித் துண்டுக்கு மல்லித்தூள் வாங்கினேன். ஆனால் அந்தக் கடை என்னை விட்டுச் சுலபமாகப் போய்விடவில்லை, தம்பி. முதியோர் இல்லத்துச் சம்பளத்தை அப்பா அப்படியே கொண்டுவந்து என் கையில் தந்துவிடுவார். நான் அவருக்குக் கைச்செலவுக்குக் கொடுப்பேன். கொடுத்துவிட்டு, எங்கே குடித்தீர்கள் கோப்பி, ஏன் அந்தக் கடையில் வாங்கினீர்கள், இஞ்ச மலிவுதானே என்று வருஷக்கணக்காக அவரைக் குடைந்தேன். ஒருநாள் அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "நீர் கடை அண்ணையிலும் மோசமப்பா, அவராவது கறிவேப்பிலை தந்தவர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆரணி உழைக்கிறவள், நீயும் உழைக்கிறாய். வீட்டுச் செலவை இரண்டு பேரும் பாருங்கள், மிச்சத்தில் அவளிடம் நீ கணக்குக் கேளாதே, உன்னிடம் அவளும் கேட்க வேண்டாம். இதைத் தவிர கலியாணத்துக்கு நான் சொல்ல வைத்திருக்கிற புத்தி வேறொன்றும் இல்லை.

ஒன்று விட்டுவிட்டேன். கலியாணக் கார்ட்டின் மாதிரியை அனுப்பியிருந்தாய். அதில் கடைசி வரியில், அன்பளிப்புத் தர விரும்புகிறவர்கள் இன்ன தளபாடக் கடையின் வவுச்சராகத் தரவும் என்று போட்டிருக்கிறீர்கள். கண்ணாடியைப் போட்டு இன்னொரு தரம் வாசித்தேன். பிரதீப்புக்குப் பெரிய நியாயம் சொல்லிவிட்டு வந்த பிள்ளை செய்கிற வேலையோ இது? அப்பா சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். அச்சுக்குக் கொடுக்க முதல் அந்த வரியை எடுத்துவிடு. எங்கள் என்வலப்பை நான் இப்போதே ஒட்டி வைத்துவிட்டேன், உள்ளே தாள் காசு. மெத்தை வாங்கு, மலைக்குப் போ, இரண்டு பேருமாக ஒரே நாளில் கோப்பியும் கேக்குமாகத் தின்று முடி. எங்கே செலவழித்தாய் என்று நான் கேட்கமாட்டேன். கேட்டாலும் சொல்லாதே.

அம்மா